ஆள் இவன்தானா?

கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் சாயங்கால வேளையில் அயர்ன் ஹார்ஸ் நடைபாதைப் பக்கம் போனால் தமிழ் காதில் விழாமல் இருக்காது. பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டிரண்டு பேராக நடப்பார்கள். பக்கத்தில் மணியடித்துக்கொண்டு சைக்கிள் பிள்ளைகள் முந்துவார்கள். கான்கார்டிலிருந்து வால்நட் கிரீக், டான்வில் வழியாகத் தெற்கே இறங்கி வரும் இந்தப் பாதை ஒரு காலத்தில் சதர்ன் பசிபிக் ரயில் ஓடிய தடம். பெயரில் இருக்கும் இரும்புக் குதிரை அந்த ரயில்தான்.

1978ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்த வட்டாரத்து வீடுகளுக்குள் ஒருவன் இரவில் புகுந்துகொண்டிருந்தான். தூங்குகிறவர்களின் முகத்தில் டார்ச் அடித்து எழுப்புவான், கட்டிப்போடுவான், பெண்களை வன்புணர்வான். அக்டோபரில் கான்கார்டிலும் சான் ரமோனிலும், டிசம்பரில் டான்வில்லிலும் வந்தான். டான்வில் சம்பவத்துக்குப் பிறகு தண்டவாள ஓரத்தில் தேடிய போலீசுக்கு மூன்று தாள்கள் கிடைத்தன. ஒன்றில் ஜெனரல் கஸ்டரைப் பற்றிய பள்ளிக்கூடக் கட்டுரை. இன்னொன்றில் ஆறாம் வகுப்பு ஆசிரியர் மேல் கொப்பளிக்கும் கோபம். மூன்றாவதில் கையால் வரைந்த ஒரு குடியிருப்பின் வரைபடம், அதன் பின்பக்கத்தில் ‘தண்டனை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் கிறுக்கலாக. இவை அவனுடையவைதானா, வேறு யாரோ தவறவிட்டவையா? அந்தக் கேள்வியோடு கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்துத் துப்பறிவாளர்கள் பல பத்தாண்டுகள் கழித்தார்கள்.

சினிமாத் துப்பறிவாளருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. 1971 டிசம்பரில் வந்த ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் ஸ்கார்ப்பியோ என்பவன் கூரைமேல் நின்று சுடுவதை நாமே முதல் காட்சியில் பார்த்துவிடுகிறோம். சான் பிரான்சிஸ்கோ போலீஸ்காரர் ஹாரி கேலஹன், கெஸார் ஸ்டேடியத்தின் நடுவில் அவன் காலில் சுட்டு, கடத்திய பெண் எங்கே என்று கேட்டுப் புண்ணின்மேலேயே மிதிக்கிறபோது அரங்கம் ஹாரியின் பக்கம்தான். அப்படி வாங்கிய சாட்சியம் செல்லாது என்று அரசு வழக்கறிஞர் சொல்லி, அவன் வெளியே நடந்து போகிறபோது சட்டத்தின் மேல் ஆத்திரம் வருகிறது. ஆனால் அதே படம் ஒரு விஷயத்தையும் சொல்கிறது. அத்தனை வதைத்து இடத்தைத் தெரிந்துகொண்டு போனபோது அந்தப் பெண் ஏற்கெனவே இறந்திருந்தாள். கைதட்டலில் அது மறந்துபோகிறது.

ஸ்கார்ப்பியோவுக்கு முன்மாதிரி, 1968-69இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஐந்து பேரைக் கொன்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிய ஸோடியாக். ஹாரி திரைக்கு வருவதற்கு நாலே மாதம் முன்பு, 1971 ஆகஸ்ட் 4 அன்று, நிஜமான மூன்று துப்பறிவாளர்கள் இதே கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் பினோல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஆர்தர் லீ ஆலன் என்பவரைச் சந்தித்து விசாரித்தார்கள். டேவிட் ஃபின்ச்சரின் ‘ஸோடியாக்’ (2007) படத்தில் மிக நெருக்கமாக எடுத்திருக்கும் காட்சி அது. ஆலன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டில் இருக்கிற கடிகாரத்தின் பெயரே ஸோடியாக். மூவரும் அதைப் பார்க்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆள் இவன்தான் என்று மூன்று மனசும் ஒரே நேரத்தில் முடிவு கட்டுவது தெரிகிறது. அதன் பிறகு யாரும் அவர் மேல் கை வைக்கவில்லை. கையெழுத்தை ஒப்பிட்டார்கள், பொருந்தவில்லை. விரல்ரேகையும் பொருந்தவில்லை. ஆலன் 1992இல் குற்றம் சாட்டப்படாமலே இறந்தார். 2002இல் கடிதத் தபால்தலையிலிருந்து எடுத்த மரபணுவும் அவருடையதாக இல்லை.

அந்த மூவரில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோ போலீசின் டேவ் டாஸ்கி. படத்தில், ‘டர்ட்டி ஹாரி’ ஓடும் அரங்கிலிருந்து பாதியில் எழுந்து வெளியே வந்துவிடுகிறார். அவர் இரண்டு வருஷமாகத் தேடியும் பிடிக்க முடியாதவனை ஒரு நடிகர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். ஃபின்ச்சர் இன்னொன்றும் செய்தார், கொலைக் காட்சிகளில் கொலைகாரனாக வெவ்வேறு நடிகர்களை வைத்தார். பார்க்கிறவருக்குக்கூட ‘நான் பார்த்தேன்’ என்று சொல்ல வழியில்லாமல் போகிறது. போலீஸ் படங்களில் இவ்வளவு நேர்மையான முடிவு அபூர்வம்.

ஹாரிக்கும் டாஸ்கிக்கும் இடையில் இருப்பது வீரமும் கோழைத்தனமும் அல்ல. ஆள் இவன்தான் என்று மனம் அடித்துச் சொல்கிற அந்த நிமிஷத்தில் கையை என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குள் இருக்கும் வழக்கு.

இந்த வழக்கு தமிழ் சினிமாவுக்கும் புதிதல்ல. 2024 அக்டோபரில் த.செ. ஞானவேலின் ‘வேட்டையன்’ வந்தபோது ரஜினிக்காக வளைகுடாப் பகுதித் தமிழர்களும் திரையரங்குக்குப் போனார்கள். சரண்யா என்ற பள்ளி ஆசிரியை கொல்லப்படுகிறார், நாடே கொதிக்கிறது, எஸ்.பி. அதியன் குணா என்ற ஏழை இளைஞனை என்கவுன்ட்டரில் சுட்டுத் தள்ளுகிறார். கொன்றது அவன் அல்ல என்பது பிறகு தெரிகிறது. அமிதாப் பச்சனின் நீதிபதி சத்யதேவ் படம் நெடுகச் சொல்வது அவசரத்தின் விலையைத்தான். ஆனாலும் விசில் பறப்பது துப்பாக்கி வெடிக்கிறபோதுதான். அதற்கு ரசிகரைக் குறை சொல்லிப் பயனில்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்துச் சாட்சிகள் கரைந்துபோவதைப் பார்த்த நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே வன்புணர்வு, கொலை வழக்கில் பிடிபட்ட நாலு பேர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஜனங்கள் போலீஸ் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல், போலீசார் கொல்லும் நோக்கத்தோடே சுட்டதாகவும், பத்துப் போலீசார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னபோது அந்தப் பூக்கள் எப்போதோ வாடியிருந்தன.

படம் முடிந்து வீடு திரும்பும் வழியில், பதினாறு வயதுப் பையனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அப்பா சொல்வது வேறு. போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையையும் ஸ்டீரிங்மேல் வை, குரலை உயர்த்தாதே, ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் வக்கீல் வராமல் வாயைத் திறக்காதே. 1966இல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமை அது. ஹாரியை எரிச்சல்படுத்தியதும் அதே உரிமைதான். தன் பையனுக்கு டாஸ்கி வேண்டும், ஊர்க் குற்றவாளிக்கு அதியன் வேண்டும். இரண்டும் ஒரே மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது சான் ரமோனில் மட்டுமல்ல, திருச்சியிலும்தான்.

‘டர்ட்டி ஹாரி’ எடுத்தவர்களுக்கே இந்த இடம் உறுத்தியிருக்க வேண்டும். 1973இல் வந்த ‘மேக்னம் ஃபோர்ஸ்’ படத்தில், சட்டத்துக்குத் தப்பியவர்களைக் கொன்று தீர்க்கும் இளம் போலீஸ்காரர்கள் ஹாரியையும் கூட்டுச் சேரக் கூப்பிடுகிறார்கள். அவர் மறுக்கிறார். அதற்குள் அவர்கள் ஹாரியின் நண்பரான ஒரு போலீஸ்காரரையே கொன்றிருக்கிறார்கள். அந்த நண்பர் செய்த குற்றம், கொலை நடந்த இடத்துக்கு வந்துவிட்டதுதான். வெற்றிமாறனின் ‘விசாரணை’யிலும் கதை அங்கேதான் போய் நிற்கிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூர் லாக்கப்பில் பட்டதை எழுதிய நூலிலிருந்து பிறந்த படம். அதில் சமுத்திரக்கனியின் இன்ஸ்பெக்டர் முத்துவேலுக்கு மட்டும் மனம் உறுத்துகிறது. கடைசியில் சக போலீஸின் குண்டு அவரையும் எடுத்துக்கொள்கிறது.

டான்வில் வீட்டில் புகுந்தவனைத் தேடிய கதைக்கு 2018இல் முடிவு வந்தது. கான்ட்ரா கோஸ்டாவின் பால் ஹோல்ஸும் சக புலனாய்வாளர்களும் பழைய தடயத்தின் மரபணுவைக் குடும்ப மரம் தேடும் இணையத் தரவுத்தளத்தில் ஏற்றித் தூரத்து உறவினர்களைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கிளை கிளையாக இறங்கினார்கள். அந்தத் தேடலில் 2017இல் ஓர் இடறல். அபூர்வமான ஒரு மரபணு அடையாளம் ஒத்துப்போனதால் ஒரிகன் மாநிலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்த 73 வயதுக்காரர் மேல் சந்தேகம் விழுந்தது. நீதிபதியிடம் உத்தரவு வாங்கி அவரிடம் மாதிரி எடுத்தார்கள். அவர் இல்லை. அவ்வளவுதான், வேலையைத் தொடர்ந்தார்கள். சந்தேகம் மட்டும் போதும் என்ற ஊரில் அந்தக் கிழவர் இன்னொரு குணா. 2018 ஏப்ரல் 24 அன்று பிடிபட்ட ஜோசப் டி ஆஞ்செலோ, சான் ரமோன் வீட்டில் நுழைந்த காலத்தில் ஆபர்ன் நகரத்துப் போலீஸ்காரன்.

முறையான நீதி முழுமையாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. வன்புணர்வுக் குற்றங்களுக்குக் காலவரம்பு கடந்திருந்தது. கலிஃபோர்னியா அந்த வரம்பை நீக்கிய சட்டம் பழைய குற்றங்களுக்குச் செல்லாது. கான்ட்ரா கோஸ்டாவின் பெண்களுக்கு நேர்ந்ததைக் கடத்தல் என்ற பெயரில்தான் வழக்காக்க முடிந்தது. அந்தப் பெண்களின் கோபத்துக்குச் சட்டத்திடம் நல்ல பதில் கிடையாது. 2020 ஜூன் 29 அன்று, கொரோனா காரணமாக சாக்ரமென்டோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெரிய கூடத்தில் கூடிய நீதிமன்றத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேறு ஊர்களில் செய்த 13 கொலைகளை அவன் ஒப்புக்கொண்டான். வழக்கில் சேர்க்க முடியாத வன்புணர்வுகளையும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

அன்று சான் ரமோன் தமிழர்களின் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு ஊரின் செய்தி. ஊரடங்கில் நேரம் கடந்து செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று சாத்தான்குளம் போலீஸ் பிடித்துப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். 28ஆம் தேதி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் காவல் நிலையத்துக்கு விசாரிக்கப் போனார். கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. வெளியே போலீசார் நின்று மிரட்டும் தோரணையில் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் தலைமைக் காவலர் ரேவதி மட்டும் பார்த்ததைச் சொன்னார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழிப்பதற்குள் எடுத்துவிடுங்கள் என்றார். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துக் கேட்டபோது ரேவதிக்குக் கை வரவில்லை, வெளியே நின்றவர்கள் அவரோடு வேலை பார்ப்பவர்கள். பாதுகாப்புக்கு உறுதி சொன்ன பிறகு, நெடுநேரம் கழித்து, அந்த வாக்குமூலத்தில் ரேவதி கையெழுத்துப் போட்டார்.