காலம் கடந்தால் தருமம் மாறுமா

பிறர் பொருளை ஒருவன் நெடுங்காலம் அனுபவித்து வந்தான் என்ற காரணத்தினாலேயே அது அவனுக்கு உரியதாகிவிடுமா என்னும் கேள்வி, இன்றைய வக்கீல்களுக்கு வெகுகாலம் முன்பே தரும சாஸ்திரங்களை இயற்றியவர்களை வாட்டியிருக்கிறது. உடையவன் கண்ணெதிரே, அவன் தடுத்து ஒரு சொல்லும் சொல்லாதிருக்கையில், அவனுடைய நிலத்தை மற்றொருவன் 20 ஆண்டுகள் அனுபவித்தால் உடையவன் அதை இழப்பான் என்று யாக்ஞவல்க்ய ஸ்மிருதி விதித்தது. மனுவோ, அனுபோகத்தால் அழியாத சொத்துக்களை எண்ணுமிடத்தில், அடமானத்தையும் எல்லையையும் குழந்தையின் தனத்தையும் சொல்லி, அவற்றோடு அரசனின் உடைமையையும் சேர்த்தார்.

நம் காலத்துச் சட்டம் அரசாங்கத்திற்கு அந்த நித்தியத்துவத்தை அளிக்கவில்லை. நிலத்தின் சுவாதீனத்தை மீட்கத் தனிமனிதன் 12 ஆண்டுகளுக்குள் தாவா தொடுக்க வேண்டும். அரசாங்கத்திற்கு 1908ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 60 ஆண்டுகள் கொடுத்தது, 1963ஆம் ஆண்டுச் சட்டம் அதை 30 ஆகக் குறைத்தது. கெடு கடந்தால் நிலத்தின்மீதுள்ள உரிமையே மாய்ந்துபோகிறது. குடியிருப்பவனைப் பொறுத்தவரை இது நியாயம் என்றே கருதுகிறேன். புறம்போக்கில் குடிசை போட்ட மூதாட்டி ஒருத்தி, தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்புகளில் கிழிந்துபோன ‘பி மெமோ’ ரசீதுகளை ஒவ்வொன்றாக என் முன் விரித்தாள். அவையே தனக்குப் பட்டா என்று நம்பியிருந்தாள்; அவையோ ஆக்கிரமிப்புக்கு விதித்த அபராதச் சீட்டுகள், நிலம் சர்க்காருடையது என்று அவளே ஒப்புக்கொண்டதாக வாதிட இடம் கொடுப்பவை. வருஷந்தோறும் அவளிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவள் வைத்த முருங்கை காய்த்து, பேரப்பிள்ளைகள் பிறந்து வளரும்வரை வாளாவிருந்த அரசாங்கம், ஒருநாள் வெளியேறு என்று சொல்வது எந்தத் தருமத்தில் சேரும்?

ஏரியின் கதை வேறு. ஏரிப் புறம்போக்கை வளைத்துக் கரை கட்டியவன் பறிப்பது இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் தண்ணீரை. அரசாங்கம் அவர்களுடைய காவலன் மாத்திரமே. காவலன் உறங்கிவிட்டதற்காக, இன்னும் பிறவாதவனிடம் ‘ஏன் வழக்கிடவில்லை’ என்று கேட்க முடியுமா? மைனருக்கு, அவன் மேஜரான பிறகும் தாவா தொடுக்க அவகாசம் கொடுத்திருப்பது இதே சட்டந்தான். குழந்தையின் தனத்தையும் அரசனின் உடைமையையும் மனு ஒரே வரிசையில் வைத்ததன் பொருள் எனக்கு விளங்கியது இங்கேதான். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 112ஆவது விதியோ ஏரிக்கும் வீட்டுமனைக்கும் ஒரே 30 ஆண்டுகளை வைத்திருக்கிறது. சட்டம் இயற்றுவோர் மூதாட்டிக்கு மனையைப் பட்டாவாக்கிக் கொடுக்கட்டும். ஏரிக்குக் கெடு இல்லையென்று எழுதிவிடட்டும்.