கயிறு இழுக்கும் நாள்

ஓடுகிற எஞ்சினை யார் வேண்டுமானாலும் கவனிப்பார்கள். ஓடாமல் மூலையில் நிற்கும் எஞ்சினுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

சிரிக்காதீர்கள். குளிர்தேசங்களில் ஏரி உறைவதற்கு முன்னால், படகின் பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றிப் பத்திரப்படுத்துவது ஒரு பெரிய வேலை. நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓட்டி, உள்ளே இருக்கும் உப்பையும் சேற்றையும் கழுவுவார்கள். கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடிப்பார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விடுவார்கள். கியர் ஆயிலை மாற்றுவார்கள். பழைய ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால், சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்து, உலோகக் கூட்டையே பிளந்துவிடும்.

"நமக்கேது சார் பனிக்காலம்?" என்பீர்கள். பனி இல்லைதான். ஆனால் சும்மா கிடக்கும் காலம் நமக்கும் உண்டு.

மூங்கில்துறைப்பட்டுக்கு வாருங்கள். தென்பெண்ணைக் கரை ஊர். கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்: அரவை நன்றாக நடப்பது அரவைப் பருவத்தில் முடிவாவதில்லை, கரும்பு வண்டி ஒன்றுகூட வராத ஆஃப் சீசனில், ரோலரைக் கழற்றி, பாய்லர் குழாயைச் சுத்தம் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது.

அதே ஊரின் ஆற்றைப் பாருங்கள். பல மாதங்கள் மணல்தான். படகா, இங்கேயா என்று தோன்றும். ஆனால் 2024 டிசம்பர் 2-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் ஊர் ஊராக வெள்ளம் புகுந்தது. அந்த மாதிரி நாளில்தான் ரப்பர் படகும் அவுட்போர்டு மோட்டாரும் தேவைப்படுகின்றன. அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் போன்ற படைகளிடம் அவை இருக்கின்றன. வருஷத்தில் பெரும்பகுதி பயிற்சியிலோ ஷெட்டிலோ கழியும். வேண்டிய நாளில் கயிற்றை இழுத்தால் உடனே உறுமியாக வேண்டும்.

தேங்கிய பெட்ரோல் அதற்கு எதிரி. லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகி, ஊசி முனை அளவுள்ள ஜெட் துளையை அடைத்துவிடும். இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அதில் ஒரு பகுதி கரும்பின் பிள்ளைதான்! ஆனால் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. தண்ணீர் அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இனி ஒரு கணக்கு. இரண்டு ஷெட், இரண்டு காவலர். முதலாமவர் பெட்ரோலை வடித்து, ஆயில் விட்டு, மாதம் ஒருமுறை ஓட்டியும் பார்க்கிறார். இரண்டாமவர் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு டீக்குடிக்கப் போய்விடுகிறார். அந்த வருஷம் வெள்ளமே வரவில்லை. இருவருக்கும் ஒரே சம்பளம். இருவர் பேரிலும் ஒரு புகாரும் இல்லை. அப்படியானால் இருவரும் சமமா?

பலனை மட்டும் பார்த்தால் சமம்தான். ஆனால் உங்கள் மனசு "இல்லை" என்கிறதே, ஏன்? வெள்ளம் வந்த நாளில் பிறந்த தப்பு இல்லை அது. தார்ப்பாயைப் போட்டு மூடிய அன்றே பிறந்துவிட்டது. வெள்ளம் அதை வெளியே காட்டும், அவ்வளவுதான். வெள்ளம் வராமல் போனது அவருடைய அதிர்ஷ்டம். நல்ல குணம் அல்ல.

"வெள்ளம் வரும்னு யாருங்க கண்டா?" என்பார் அவர். யாரும் காணவில்லை. அதனால்தானே அது கடமை ஆகிறது! நாளும் நேரமும் தெரிந்தால் முந்தின நாள் எவரும் செய்துவிடுவார்கள்.

அவரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. ஒரு லிட்டர் ஆயிலுக்குக் காசு ஒதுக்காதவருக்கும், 'நல்ல நிலையில் உள்ளது' என்று ஷெட்டைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டவருக்கும் இதில் பங்கு உண்டு. கவனிப்பு ஒருவரின் நல்ல மனசை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. மனசு மாற்றலாகிப் போய்விடும், பதிவேடு இருக்கும்.

ஒழுங்காகச் செய்த காவலருக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. மாலை, போட்டோ எல்லாம் படகு ஓட்டியவருக்கு. மொட்டை மாடியிலிருந்து குழந்தையோடு இறங்கிய தாய்க்கு, ஆறு மாதம் முன்பு பெட்ரோலை வடித்தவர் யாரென்று தெரியவே தெரியாது. அவருக்கும் அந்தத் தாயைத் தெரியாது. இன்னும் ஆபத்தில் சிக்காத, முகம் தெரியாத ஒருத்திக்காகச் செய்த வேலை அது. நன்றி திரும்பி வர வழியே இல்லாத உதவி. அதனால்தான் அது ரொம்பச் சுத்தமான உதவி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயுத பூஜை வருவது வடகிழக்கு மழையை ஒட்டித்தான். அன்றைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். நல்ல வழக்கம், வையுங்கள். பொட்டு வைத்த கையோடு அந்தக் கயிற்றையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.