குறடு யாருடைய கைக்கு?

தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இரண்டு குறடுகள் இருக்கின்றன. ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். கொதிக்கும் பாத்திரத்தைப் பற்றி இறக்குவது அதன் வேலை. இடுக்கி என்று அதற்குப் பெயர். இன்னொன்று மீட்டர் பெட்டியின் மேலோ பரணிலோ கிடக்கும். கம்பி வெட்டவும் ஆணி பிடுங்கவும் ஆவது. அதைக் கட்டிங் பிளேயர் என்கிறோம். இரண்டும் ஒரே வகையில்தான் இயங்குகின்றன. கை கொடுக்கும் விசையை ஒரு திருகாணியைச் சுற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைக்கின்றன. முதலாவதை நாளுக்கு இருபது முறை எடுக்கும் பெண், இரண்டாவது தேவைப்படும்போது "அவர் வரட்டும்" என்கிறாள். ஆயுத பூஜையன்று அந்தக் குறடைத் துடைத்துப் பொட்டு வைப்பதும் பல வீடுகளில் அவள்தான். துடைக்கலாம், வணங்கலாம், பயன்படுத்துவது மட்டும் வேறொருவர் காரியம்.

ஆண், பெண் என்ற பேதம் இரும்புக்குள் எப்படிப் புகுந்தது என்பது ஒரு கேள்வி. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பேதத்தை உடைக்க ஒரு பெண் நல்ல குறடு ஒன்றைத் தேர்ந்து வாங்கிப் பழகுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குக் கிடைப்பது விடுதலையா, அல்லது ஏற்கெனவே நீண்டிருக்கும் பட்டியலில் இன்னொரு வேலையா?

பொருளின் தரம் பார்க்கப் பெண்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மண்சட்டியைச் சுண்டி, ஓசையைக் கேட்டு விரிசலைக் கண்டுபிடிக்கிறவர்கள் நாம். பித்தளைக் குடத்தைக் கையில் தூக்கியே கனம் சொல்வோம். அரிவாள்மனையின் அலகு மழுங்கியிருப்பதை வெங்காயம் நசுங்கும் விதத்திலேயே அறிவோம். புடவையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நெசவின் நெருக்கத்தை அளப்போம். இத்தனை நுட்பமும் ஹார்டுவேர் கடை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகிறது. உள்ளே போனதும் வருகிற முதல் கேள்வி, "சார் எந்த சைஸ் வாங்கிட்டு வரச் சொன்னாரு, மேடம்?" இந்தக் கேள்வியில் பகை இல்லை, மரியாதைகூட இருக்கிறது. ஆனால் பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் இங்கே நிற்கவில்லை என்ற முடிவு அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது.

மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட 'இருத்தலும் காலமும்' நூலில் சுத்தியலைக் கொண்டு ஒரு சிந்தனையை விளக்குகிறார். நன்றாக வேலை செய்யும் கருவி நம் கவனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. கண் ஆணியில் இருக்கும். சுத்தியல் கையோடு கையாகிவிடும். உடைந்தாலோ பொருந்தாவிட்டாலோதான் கருவி ஒரு பொருளாக நம் முன்னே வந்து நிற்கிறது. அழகான சிந்தனைதான். யாருடைய கையில் மறைகிறது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. தன் விரல்கள் எட்டாத அளவுக்கு விரியும் பிடியை இறுக்க முயலும் பெண்ணின் கையில் குறடு மறைவதே இல்லை. ஆணியோடு போராடுவதற்கு முன் அவள் குறடோடு போராட வேண்டியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவர் "விடு, உன்னால ஆகாது" என்று வாங்கிக்கொள்கிறார். பொருந்தாத பிடி அங்கேயே மறக்கப்பட்டு, பெண்ணின் இயலாமை மட்டும் நினைவில் நிற்கிறது.

ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய கட்டுரை, பெண்பிள்ளைகள் பந்தெறியும் விதத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு செயலில் இறங்கும்போதே 'முடியும்' என்பதோடு 'முடியாது' என்பதையும் சுமந்துகொண்டு இறங்குகிறது பெண் உடல். இது பிறப்பில் வந்ததன்று, வளர்ப்பில் வந்தது என்பது அவர் வாதம். அதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. சில நேரங்களில் அந்த 'முடியாது' நம் மனத்திலும் இல்லை, உடலிலும் இல்லை. கருவியின் அளவில் இருக்கிறது.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேசலாம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 2004இல் கைக்கருவித் தேர்வு பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. அழுத்தி வேலை செய்யும் இருபிடிக் கருவி மூடியிருக்கையில் பிடிகளுக்கிடையே 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, திறந்திருக்கையில் மூன்றரை அங்குலத்துக்கு மிகக் கூடாது என்கிறது அது. கடையில் நின்று கையை விரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்: வாயை வேண்டிய அளவு திறந்தபின்னும் நான்கு விரல்களும் மறுபிடியைச் சுற்றி வளைய வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெண்ணின் கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கடையில் ஆகச் சிறியதை எடுத்து நீட்டுவார்கள். இளஞ்சிவப்பு உறை போட்டு, பெண்களுக்கென்றே விற்கும் கருவிப் பெட்டிகளும் உண்டு. அவற்றிலும் பெரும்பாலும் பொம்மை போன்ற சிறு குறடுதான். நெம்புகோலின் கணக்கு வேறு மாதிரி. திருகாணியிலிருந்து 12 செ.மீ. தள்ளிப் பிடித்து, 1.5 செ.மீ. தொலைவிலுள்ள வெட்டுவாயில் கம்பியை வைத்தால் நம் விசை 8 மடங்காகிறது. பிடியை 7.5 செ.மீ. ஆகக் குறைத்தால் 5 மடங்குதான். ஆக, வலிமை குறைந்தவள் என்று சொல்லிக் கொடுக்கப்படும் சிறிய கருவி, அவளிடமிருந்து கூடுதல் வலிமையைக் கேட்கிறது. பரிவு என்ற பெயரில் கொடுக்கப்படும் பலவற்றின் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. எனவே 6 அங்குலக் குறடோடு 7, 8 அங்குலக் குறடுகளையும் கேட்டு வாங்கிப் பிடித்துப் பாருங்கள். விரல் எட்டுகிறவற்றில் நீளமானது எதுவோ, அது உங்களுடையது.

மற்றவற்றுக்கு மண்சட்டி பார்த்த கண்ணே போதும். வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள்: நுனிகள் சேர வேண்டும், வெட்டுவாயில் ஒளி கசியக் கூடாது. பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். திருகாணி ஆடினால் வைத்துவிடுங்கள். ஒரே கையால் சிக்காமல் திறந்து மூட வர வேண்டும். ஒரு துண்டுத் தாளை வெட்டச் சொல்லிக் கேளுங்கள். கிழிக்காமல் வெட்டினால் அலகு நேராக இருக்கிறது. உருக்கி வார்த்ததை விட, எஃகைப் பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கி, வெட்டுவாயை மட்டும் தனியாகக் கடினப்படுத்தியதே காலத்துக்கு நிற்கும். 1882 முதல் குறடு செய்துவரும் ஜெர்மனியின் நிபெக்ஸ் போன்ற நிறுவனங்களின் பொருள் மிக நன்றாக இருக்கும், விலையும் அப்படியே. வீட்டு வேலைக்கு நாசிக்கிலும் ஜலந்தரிலும் செய்யப்படும் நல்ல இந்தியக் குறடே தாராளம். பிடியின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையை மட்டும் நம்பிவிடாதீர்கள். மின்காப்புக்காகச் சோதிக்கப்பட்டது என்றால் இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற குறியும் பொறித்திருக்கும். அது இல்லாத உறை கை வழுக்காமல் இருக்க மட்டுமே. அது இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

நல்ல குறடின் விலையைக் கேட்டதும், "எப்பவோ ஒரு தடவை எடுக்கிறதுக்கு இவ்வளவா?" என்று நமக்குள்ளேயே ஒரு குரல் எழும். ஆண்டுக்கு இருமுறை ஏற்றும் வெள்ளி விளக்கை வாங்கும்போது அந்தக் குரல் எழுவதில்லை. குடும்பத்தின் பெருமைக்குச் செலவழிக்கப் பழகிய கை, தன் திறனுக்குச் செலவழிக்கத் தயங்குகிறது. மலிவாக வாங்கிய குறடு முதல் கம்பியிலேயே பல்லிளிக்கும்போது, பழி அதன் எஃகின் மேல் விழுவதில்லை. நம் மேல்தான் விழுகிறது.

இனி அந்தக் கடினமான கேள்வி. வகுப்பில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி சொன்னாள்: "எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும் மேம். அதனாலதான் எல்லாத்தையும் அவங்களே செய்றாங்க." எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய பேச்சன்று இது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலைகளில் ஈடுபடும் இந்தியப் பெண் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். ஒழுகும் குழாய், இறுகிப்போன மிக்சி ஜார், அறுந்த கொடிக்கம்பி, கழன்ற ஜிப் எல்லாமே அவள் கணக்கில் சேர்ந்தால் 299 எங்கே போய் நிற்கும்? தெரியாது என்று சொல்வது பல பெண்களுக்கு ஓய்வெடுக்கக் கிடைத்த ஒரே வழி. அதை அறியாமை என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த நிழல் இன்னொருவரின் சுவரை நம்பி விழும் நிழல். சுவரின் சொந்தக்காரர் ஊரில் இல்லாத நாளில், கோபத்தில் இருக்கும் நாளில், இறந்துபோன பிறகு, அங்கே நிற்க இடமில்லை. தனியே வாழும் பெண்ணுக்கும், வெளியூரில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கும் அந்தச் சுவர் முதலிலிருந்தே இல்லை. மேலும், 'தெரியாது' என்ற சொல் வேலையைத் தள்ளுகிறதே தவிர, அது யாருடைய வேலை என்ற பேச்சைத் தொடங்குவதில்லை. 'தெரியும், இன்று செய்யமாட்டேன்' என்ற சொல் அந்தப் பேச்சைத் தொடங்கிவிடுகிறது. மறுப்பதற்கும் திறன் வேண்டியிருக்கிறது. செய்யத் தெரிந்தவர் செய்ய மறுப்பதுதான் மறுப்பு; தெரியாதவர் செய்யாதிருப்பது வெறும் நிலைமை.

அந்த மாணவியின் அம்மாவுக்கு நேர்ந்த அநீதிக்குக் காரணம் அவர் அறிந்தது அல்ல. அவர் மட்டுமே அறிந்தது. குறடு பெண்ணின் கைக்கு வந்து, இடுக்கி ஆணின் கைக்குப் போகாமல் நின்றுவிட்டால், மாணவி சொன்னதே நடக்கும். திறன்கள் ஒரு திசையில் மட்டும் கைமாறும் வீட்டில் சுமையும் அதே திசையில்தான் நகரும். ஆகவே குறடு வாங்குவது பாதி வேலை. கொதிக்கும் பாத்திரத்தை இறக்க வீட்டில் வேறு எத்தனை கைகளுக்குத் தெரியும் என்று கேட்பது மீதிப் பாதி.

வாங்கிய குறடைப் பரணில் போடாதீர்கள். திருகாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எல்லாருக்கும் எட்டும் உயரத்தில், இடுக்கிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டுங்கள். ஆணியை யார் அடிப்பது, அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்ப்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசலாம்.