நெய்தலில் ஒரு பள்ளி

பள்ளி என்னும் சொல் முற்காலத்தில் நம் அறவோர் உறைந்த இடத்தைக் குறித்ததென்றும், அங்கே அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால் கல்விக்கூடத்திற்கும் அதுவே பெயராயிற்றென்றும் நம்மவர் மேடைதோறும் கூறி மகிழ்வர். பெருமை இருக்கட்டும். நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய சாத்திர தானத்தை இன்று செய்ய முற்படும் சாவகர், எத்தகைய பள்ளிக்குப் பொருள் ஈவது என்று எண்ணத் தொடங்கும்போதுதான் உண்மையான இடர்ப்பாடு எழுகின்றது.

திருவண்ணாமலைக்கு அருகே 2009ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மருதம் பண்ணைப் பள்ளியை அன்பர் பலர் அறிந்திருப்பர். தமிழும் ஆங்கிலமும் அங்குக் கற்பிக்கும் மொழிகள். சுற்றூர்ப் பிள்ளைகளும் வெளியூரிலிருந்து வந்து தங்கியோரின் பிள்ளைகளும் ஒருங்கே அமர்கின்றனர். பயிரிடுதல், கைத்தொழில், மலைச்சாரலில் நடத்தல், அருணாசல மலையில் மரக்கன்று நடுதல் ஆகியவை அங்கே பொழுதுபோக்கல்ல, பாடமே அவை.

இதனைப் புதுமை என்பர். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே நடுவில் நிறுத்தியது. நமக்கோ இது மேலும் பழைய செய்தி. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஞானத்தை ஐந்தாக வகுத்து, பொறிகளாலும் மனத்தாலும் வரும் மதிஞானத்தை முதற்கண் வைத்தார். சுருதஞானம் அதனை முன்னிட்டே தோன்றும் என்றார். கண்டும் தொட்டும் அறியாத பிள்ளைக்குச் சொல் வெறும் ஒலியே. இருமொழியும் நமக்குப் புதிதன்று. ஸ்ரீபுராணம் மணிப்பிரவாளத்தில் எழுந்த நூலன்றோ!

ஆயினும் எல்லாவற்றையும் பட்டே அறியவேண்டும் என்று நம் நெறி கூறவில்லை. கள், ஊன், தேன் ஆகியவற்றை நீக்கிய இல்லறத்தான் அவற்றின் சுவையை அறியாதவன். அதனால் அவன் அறிவு குறைந்துபோவதில்லை. பட்டறிவே கல்வி என்பாரோடு நாம் முழுதும் உடன்பட இயலாமைக்கு இதுவே காரணம்.

இனி மருதத்தை விட்டு நெய்தலுக்கு வருவோம். மீஞ்சூரின் கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் அனல்மின் நிலையமும், காட்டுப்பள்ளித் துறைமுகமும், 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் உள்ளன. வடக்கே பொன்னேரியைக் கடந்து சென்றால் பழவேற்காடு ஏரியும் அதன் கரையில் மீனவர் குப்பங்களும். இக்கரைப் பிள்ளைகளுக்கென நம்மவர் பொருளால் அனுபவக் கல்விப் பள்ளி ஒன்று எழுவதாகக் கொள்வோம். அங்கே அனுபவம் என்பது வலையும் படகும் இறாலும் அல்லவா?

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுப்பர். சங்கற்ப இம்சையை அறவே விடவேண்டும். உழவு முதலிய தொழிலில் நேர்வதை இயன்றவரை குறைக்கவேண்டும். மருதத்தில் மண்ணைக் கொத்தும் குழந்தையைத் தயங்காமல் வாழ்த்துகின்றோம். நெய்தலில் வலை பின்னும் குழந்தையை? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில் என்று கற்றவர் நாம். வலையைக் கொண்டு கணக்குக் கற்பிக்கும் பள்ளிக்கு ஈந்த பொருள் உடன்பாடு ஆகாதா? இவ்வச்சத்தை எளிதில் தள்ள இயலாது, தள்ளவும் கூடாது.

ஏரியை மறைத்து ஏட்டை மட்டும் கற்பிக்கலாமே எனின், அது தீர்வாகாது. தந்தையின் அறிவு அறிவன்று, வெட்கத்திற்குரியது என்று பிஞ்சு மனத்திற்குச் சொல்வதும் இம்சையே. உயிர்க்கு ஊறு செய்தலை உமாசுவாமிகள் உடலளவில் நிறுத்தவில்லை. மனமொழிமெய்களின் சோர்வையே அதன் வேராகக் காட்டினார்.

ஏரியை அறிதலும் ஏரியில் கொல்லுதலும் ஒன்றல்ல என்பதே எனக்குத் தோன்றும் வழி. ஆரணியாறும் காளங்கியாறும் கலக்கும் நீரில் உப்பு எப்போது மிகும், முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் எவ்வுயிர் வரத்துக் குறையும், பனிக்காலத்துப் பூநாரைகள் எதனை உண்ண வருகின்றன என்பவற்றைக் குப்பத்துச் சிறுவன் ஓரளவு முன்பே அறிவான். மீன்பிடி இடங்களைச் சீட்டெடுத்து முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' என்னும் ஏற்பாடு அங்குண்டு. கணக்கும் நீதியும் கற்பிக்க அதனினும் நல்ல பாடம் ஏது? அவ்வுரிமை எல்லார்க்கும் இல்லை என்பதும், கையால் துழாவி இறால் சேர்க்கும் இருளர் பெண்கள் அதற்குப் புறத்தே நிற்கின்றனர் என்பதும் அப்பாடத்தின் மறுபாதி. விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குச் செல்லாதிருக்கும் தடையை அப்பிள்ளைகள் அறிவர். உயிர்கள் பெருகும் மழைக்காலத்தில் முனிவர் ஓரிடத்தே தங்கும் சாதுர்மாசத்தை அதனருகே வைத்துக் காட்டினால் விளங்கிக்கொள்ளாமலா போவர்? ஏரியின் ஒருபுறம் தெலுங்கும் வழங்குவதால், ஆங்கிலத்தோடு நில்லாமல் கரையின் சொற்களையும் அப்பள்ளி ஏற்கவேண்டும்.

மதிய உணவில் மீன் இடாதிருக்க அப்பள்ளிக்கு உரிமை உண்டு. வீட்டில் மீன் உண்டு வரும் பிள்ளையைத் தாழ நோக்க உரிமை இல்லை.

மேலும் ஒன்று, சற்றுக் கசப்பானது. நம் பிள்ளைகள் கொல்லாமையைச் சொல்லால் மட்டுமே அறிந்துள்ளனர். சுருதம் உண்டு, மதி இல்லை. மீன் துடித்தடங்குவதைக் கண்ட குழந்தைக்கு அது உயிர் என்று யாரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வந்தவாசிப் பக்கத்து நம் சிறுவர் சிலர் ஒருநாள் அக்கரைக்குச் சென்றால், "நீங்கள் உழும்போது புழு சாகாதா?" என்று அவன் கேட்கக்கூடும். அதற்கு விடைகூற நால்வகை இம்சையின் பெயர்கள் மட்டும் போதா. நம் பிள்ளையும் ஒரு நாளேனும் ஏர்ச்சாலின் பின்னே குனிந்து நடந்திருக்கவேண்டும்.