தொகையும் உயிரும்

பயிர் செய்து வாழும் மக்கட்கும் அப்பயிரை மேய்ந்து வாழும் சிற்றுயிர்கட்கும் இடையே நிகழும் பகை மிகப் பழமையானது. அப்பகையில் மக்கள் தம் பக்கத்து நியாயமாக எடுத்துரைப்பன இரண்டு. ஒன்று, அவ்வுயிர் தம் உழைப்பின் பயனைக் கவர்கின்றது என்பது. மற்றொன்று, அஃது அளவின்றிப் பெருகிவிட்டது என்பது. முன்னையதன் வன்மையை உணவின்றி வாழமாட்டாத எவரும் ஒருவாறு உடன்படுவர். பின்னையதோ ஆராய்ச்சிக்குரியது. பெருகுதல் ஓர் உயிர்க்குக் குற்றமாமோ? அப்பெருக்கத்திற்குக் காரணர் யாவர்? தொகை மிக்கவழிக் கொல்லுதல் தகுமெனின், தொகை குறைந்தவழி அக்கொலையின் இயல்பு யாதாம்? இவ்வினாக்களுக்கு விடை காண்டற்கு, வட அமெரிக்காவின் வயல்களில் வாழும் ஒரு சிறு விலங்கின் வரலாறு பெரிதும் துணைசெய்வதாகும்.

அவ்விலங்கை அந்நாட்டார் கிரவுண்டுஹாக் என்றும் வுட்சக் என்றும் வழங்குவர். முன்னைய பெயர்க்கு நிலப்பன்றி என்பது பொருள். பெயராற் பன்றியாயினும் பிறப்பால் அஃது அணிற்குடும்பத்தைச் சார்ந்தது. வுட்சக் என்னும் பெயர் அந்நாட்டுப் பழங்குடிகளின் மொழியினின்றும் வந்து ஆங்கிலர் நாவில் உருத்திரிந்தது. இரண்டு முதல் ஆறு கிலோகிராம் வரை நிறையுடையதாய், குறுகிய கால்களும் வலிய நகங்களும் வாய்ந்து, நிலத்தை அகழ்ந்து வளை அமைத்து அதனுள் வாழ்வது அதன் இயல்பு. ஒரு வளைக்கு வாயில்கள் இரண்டு முதல் ஐந்து வரை உண்டு. புல்லும் தழையுமே அதன் உணவு. குதிரைமசால், அவரை, சோயா முதலியன விளையும் நிலங்கள் அதற்கு விருந்துச்சாலைகளாம். குளிர்காலத்தில் உணவின்றி வளையுள் நெடுந்துயில் கொள்ளும். அப்பொழுது அதன் உடல்வெப்பம் 37 பாகையளவினின்று 10 பாகைக்குங் கீழே தாழும். நிமிடத்திற்கு 80 அளவாகத் துடிக்கும் நெஞ்சு ஐந்து அல்லது பத்து முறையே துடிக்கும். உயிர் உடம்பைப் பற்றிநிற்கும் வன்மைக்கு இஃது ஒரு சான்று. வேனிற்றொடக்கத்தில் வெளிப்பட்டு, ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், நான்கைந்து குட்டிகளை ஈனும்.

இவ்விலங்கு உழவர்க்கு இழைக்குந் தீங்கும் பொய்யன்று. ஒரு வளையைச் சுற்றியுள்ள இளம்பயிர் வட்டமாக மேயப்பட்டு வெறுநிலமாதல் உண்டு. வளைவாயிற் கால் அழுந்திக் குதிரையும் மாடும் முடமாதலும், உழுபொறிகள் ஒருபுறஞ் சாய்ந்து கேடுறுதலும் உண்டு. அவ்வளைகளே, கைவிடப்பட்டவழி, முயல், நரி முதலிய பிறவுயிர்கட்குப் புகலிடமாதலும் உண்டு. தீமையும் நன்மையும் விரவி நிற்பது உலகியல்பாகலின், ஒருபுறமே நோக்கி அவ்வுயிரைப் பகையென்று துணிதல் அறிவுடைமையாகாது.

இனி, அதன் தொகை காலந்தோறும் வேறுபட்ட வரலாறு நோக்கத்தக்கது. ஐரோப்பியர் குடியேறுமுன் அந்நாட்டின் கிழக்குப் பகுதி பெரும்பாலும் அடர்ந்த காடாய் இருந்தது. வுட்சக்கோ காட்டின் நடுவினும் அதன் ஓரத்தையும் திறந்த வெளியையுமே விரும்புவது. ஆதலின் அந்நாளில் அது பெரிதும் பெருகியிருத்தற்கு இடமில்லை. குடியேறியோர் காடுகளை வெட்டி விளைநிலமும் மேய்ச்சனிலமும் ஆக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூ இங்கிலாந்தின் தென்பாகத்தில் பாதிக்கு மேற்பட்ட நிலம் மரமற்றதாயிற்று. வுட்சக்கைக் கொன்றுண்ணும் ஓநாய் முதலிய விலங்குகளும் அக்குடிகளாலேயே அழிக்கப்பட்டன. உணவு பெருகிற்று, பகை ஒழிந்தது. வுட்சக்கு பெருகாமல் என்செய்யும்?

அங்ஙனம் பெருகியபின் அதன்மேற் குற்றஞ் சாற்றப்பட்டது. 1883-ஆம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்துச் சட்டமன்றம் இவ்விலங்கைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவினர் அதனிடத்துப் பாராட்டத்தக்க பண்பு ஒன்றுமில்லை என எள்ளி எழுதி, அதனைக் கொல்வார்க்குப் பரிசில் வழங்குதல் நன்றெனப் பரிந்துரைத்தனர். தலைக்கு 10 சென்ட் விலையும் குறிக்கப்பட்டது. காட்டை வெட்டியவரும், பகைவிலங்குகளை ஒழித்தவரும், விருந்துபோற் பயிரைப் பரப்பி வைத்தவரும் மக்களே. வழக்குத் தொடுத்தவரும் தீர்ப்பு உரைத்தவரும் அவரே. குற்றவாளியாக நிறுத்தப்பட்டது மட்டும் வாய்பேசா உயிர்.

பின்னர்க் காலம் மாறிற்று. மேற்கே வளமிக்க நிலங்கள் கிடைத்தமையால் நியூ இங்கிலாந்தின் கல்லடர்ந்த வயல்கள் பல கைவிடப்பட்டன. கைவிட்ட வயல்களை மீண்டும் காடு மூடிற்று. கொயோட்டு என்னும் நாயின விலங்கு இருபதாம் நூற்றாண்டில் மேற்கினின்றும் கிழக்கே பரவி, ஓநாய் ஒழிந்த இடத்தை நிரப்பிற்று. சமவெளி நாடுகளில் உழுபொறிகளின் வசதிக்காக வயலோரத்து வேலிகளும் புதர்களும் அகற்றப்பட்டு, நிலங்கள் எல்லையறியாது விரிந்தன. இக்காரணங்களால், முன்னர் ஒரு மாலைப்பொழுதிற் பலவாகக் காணப்பட்ட புலங்களில் இப்பொழுது அவை அரியவாயின என்று முதிய வேடர் பலர் கூறுவர். இனமாக நோக்குமிடத்து அஃது அழியுநிலையை எய்தவில்லை. ஆயினும் அதன் தொகை ஏறுதலும் இறங்குதலும் பெரும்பாலும் மக்கள் செயலையே பற்றிநின்றன என்பது ஒருதலை.

இவ்விலங்கோடு தொடர்புற்ற அறவினாவை அந்நாட்டிலேயே எழுப்பிய அறிஞர் ஒருவர் உளர். அவர் ஹென்றி டேவிட் தோரோ. 1845-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு என்னும் ஊரையடுத்த வால்டன் ஏரிக்கரையிற் குடில் அமைத்து, இரண்டாண்டுக்குச் சிறிது மிகுதியாக அங்குத் தனித்து வாழ்ந்தார். ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்திற் பெரும்பாலும் அவரையை விளைத்தார். அதனிற் கால் ஏக்கர்ப் பயிரை வுட்சக்குகள் மேய்ந்துவிட்டன. 1854-இல் வெளிவந்த வால்டன் என்னும் நூலில், அதனை அவர் மறையாது எழுதினார். அத்துடன், அந்நிலத்திற் பண்டே வளர்ந்திருந்த பூண்டுகளைக் களைந்து, அவ்வுயிர்களின் பழைய மேய்ச்சற் றோட்டத்தை உழுதற்குத் தமக்கு என்ன உரிமை உண்டு எனவும் தம்மையே வினவினார். பகவத்கீதையைப் போற்றிப் பயின்றவர் அவர். ஆயினும் ஒரு வுட்சக்கைக் கொன்று தின்றமையையும், அதனை வேறு பிறவிக்கு அனுப்பியதாக நகைச்சுவைபட மொழிந்தமையையும் அந்நூலிலேயே காணலாம். அதே நூலில், மக்கட்குலம் நாகரிகத்தால் உயருந்தோறும் ஊனுண்ணுதலைக் கைவிடும் எனவும் அவர் துணிந்துரைத்தார். அறிவு ஒரு வழியும் பழக்கம் ஒரு வழியுமாக இழுக்கப்படும் மானிட நெஞ்சின் நிலைக்கு அவர் எழுத்து நல்ல எடுத்துக்காட்டாம்.

அவர் நகையாகக் கூறிய மறுபிறப்பு, சைவசித்தாந்தத்தில் நகைக்குரியதன்று. உயிர்கள் எண்ணிறந்தன; அநாதியே உள்ளன; ஆணவத்தாற் கட்டுண்டன. அவை பக்குவம் எய்துதற்பொருட்டே இறைவன் மாயையினின்றும் தநு கரண புவன போகங்களைப் படைத்து அளிக்கின்றான். ஆகவே ஒரு வுட்சக்கின் உடம்பும், அதன் வளையும், அது மேயும் புல்லும், அவ்வுயிரின் வினைக்கு ஈடாக அருளால் தரப்பட்டனவேயாம். அவ்வுடம்பைச் சிதைப்பவன், பிறிதோருயிர்க்கு இறைவன் வகுத்த நுகர்ச்சியின் நடுவே புகுந்து தடைசெய்பவனாகின்றான்.

அஃதேல், அவ்வுயிர் இறந்தது அதன் பிராரத்தத்தாலன்றோ? அதன் வினை முடிந்தமையாற் குண்டு பட்டது, எய்தவன் கருவியே, அவன்மேற் பழி சாருமாறு எங்ஙனம் என வினவுவாரும் உளர். அது பொருந்தாது. இறந்த உயிர்க்கு அவ்விறப்பு வினைப்பயனாதல் மெய்யே. ஆயினும் கொன்றவன் அவ்வினைக்கணக்கை அறிந்து அதனை நிறைவேற்றப் புகுந்தானல்லன். தன் விருப்பாலும் வெகுளியாலும் புகுந்தான். அவ்விருப்பும் வெகுளியுமே அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். பிறர் வினையைக் காரணங்காட்டித் தன் வினையினின்று தப்பலாமெனின், உலகிற் குற்றம் என்பதே இல்லையாய் முடியும்.

கொல்லாமையும் புலான்மறுத்தலும் திருக்குறளில் துறவறவியலின்கண் வைக்கப்பட்டன, ஆதலின் அவை துறவிகட்கே உரியன, உழவனோ இல்லறத்தான், அவனுக்கு விலக்குண்டு என்பர் சிலர். ஓர் அறம் ஒரு நிலையில் முற்றுப்பெறும் என்பதனால் முன்னைய நிலையில் அது வேண்டா என்பது பெறப்படாது. துறவிக்கு முழுதும் கைவரவேண்டுவதனை இல்லறத்தான் இயன்றவளவு தொடங்கியே தீரல்வேண்டும். வாய்மையும் கள்ளாமையும் அவ்வியலின்கண்ணே உள்ளன. அவை இல்லறத்தார்க்கு வேண்டா என எவரும் கூறத் துணியார்.

இந்நிலையில், வுட்சக்கைக் கொல்வாரை மூவகையாகப் பகுத்து நோக்குதல் நலம். பயிரிழந்து வேறு வழி காணாத ஏழையுழவன் ஒருவன். பரிசிலுக்காகக் கொல்வான் ஒருவன். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியோடு வயலின் ஒருகோடியில் அமர்ந்து, நூற்றுக்கணக்கான கசத்திற்கு அப்பாலுள்ள உயிரைக் குறிதப்பாது வீழ்த்திக் களிப்பான் ஒருவன். செயல் ஒன்றேயாயினும் கருத்து வேறாகலின் வினையின் கடுமையும் வேறாம். முதல்வன் நெஞ்சிற் குடும்பத்தின் பசி நிற்கின்றது. இரண்டாமவன் நெஞ்சிற் காசு நிற்கின்றது. மூன்றாமவனுக்கோ உயிர் ஒரு குறிப்பொருள் மாத்திரமே. வீழ்ந்ததை அவன் உண்பதும் பெரும்பாலும் இல்லை. தொகை மிகுதி என்னும் நியாயத்தை உரக்கக் கூறுபவன் இவனே. ஆயின், தொகை குறைந்த புலத்தில் அவன் மகிழ்தற்கு மாறாக வருந்துகின்றான். மீண்டும் பெருகாவோ என ஏங்குகின்றான். பயிரைக் காத்தலே அவன் கருத்தாயின் அவ்வருத்தம் தோன்றுதற்கு இடமில்லை. ஆகவே தொகை என்பது அவன் வேட்கைக்கு இட்ட போர்வையே என்பது அவன் வருத்தத்தாலேயே விளங்கும்.

இனி, தொகை குறைந்தது. ஆகலின் இப்பொழுது கொலையை நிறுத்துதல் தகும் என்பார் கூற்றும் ஆராயத்தக்கது. இனம் அழியாது காத்தல் நற்செயலே. ஆயினும் அக்கூற்று இனத்தைக் காக்கின்றது, உயிரை எண்ணவில்லை. ஆயிரத்துள் ஒன்றாய வுட்சக்கும், பத்தனுள் ஒன்றாய வுட்சக்கும் குண்டு பட்டவழி ஒரே துன்பத்தையே நுகர்கின்றன. துன்பம் நுகர்வது உயிரேயன்றி இனமன்று. பக்குவம் எய்துவதும் உயிரேயன்றித் தொகையன்று. எனவே பெருக்கத்தாற் கொலை நன்றாகாது. அருமையால் மட்டுமே அது தீதாவதும் அன்று. தொகை அரசியலார்க்கும் நூலார்க்கும் வேண்டிய கணக்கு. அறத்திற்கு அஃது அளவுகோலாகமாட்டாது.

அற்றேல், அவ்வேழையுழவன் செய்யத்தக்கது யாது? அவனைப் பட்டினி கிடக்கச் சொல்லுதல் அறமன்று. மூன்று நான்கு அடி உயரமுள்ள கம்பிவலை வேலியை, அடிப்பகுதி ஓரடியளவு மண்ணிற் புதையுமாறு புறத்தே வளைத்து அமைப்பின் வுட்சக்கு அகழ்ந்து புகுதல் அரிதாம். வளையின் அருகே அது விரும்பும் பயிரை விதையாமையும் ஒரு காப்பு. கொன்று ஒழித்தலோ நிலைத்த பயனும் தருவதன்று. வெறுமையான வளையைக் கோடையில் தாயைப் பிரிந்து இடந்தேடி வரும் இளவிலங்கு வந்து பற்றிக்கொள்ளும். வேனிற்காலத்துக் கொலை இன்னுங் கொடியது. தாய் வீழ்ந்தவழி, பிறந்து ஏறத்தாழ ஒன்றரை மாதம் பாலுண்ணவேண்டிய குட்டிகள் வளையினுள்ளே யாருங் காணாது பசியால் மாளும். எய்தவன் ஒன்று கொன்றேன் என்று எண்ணுவான். கொன்றன ஐந்தாறு.

எல்லா வழியும் அடைபட்டு, குழந்தைகளின் உணவிற்காக ஒருவன் கொல்ல நேரின், அவன் பொருட்டு இரங்குதலே தக்கது. ஆயினும் அச்செயலை நன்றென்று பெயரிடல் தகாது. தீது என்று அறிந்து, வருந்தி, அடுத்த ஆண்டு அது வேண்டாதவாறு வேலி கோலுபவன் அறநெறியிற் செல்பவனே. தீதன்று என்று சாதிப்பவனோ, ஓருயிரையுங் கொல்லாதிருப்பினும், அந்நெறியினின்றும் விலகினவனாவன்.

அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்துப் பங்ஸுடானி என்னும் ஊரில், 1887-ஆம் ஆண்டுமுதல், பிப்ரவரி 2-ஆம் நாளில் ஒரு வுட்சக்கை வெளிக்கொணர்ந்து, அது தன் நிழலைக் கண்டதோ இல்லையோ என்பதனாற் குளிர் நீளுமா என்று குறிகேட்டு மக்கள் விழாக் கொண்டாடுகின்றனர். பெயரிடப்பட்ட அவ்வொன்று ஊரார் அனைவர்க்கும் செல்லப்பிள்ளை. பெயரிடப்படாத அதன் சுற்றமோ அம்மாநிலத்து வயல்களில் தொகைவரம்பின்றி வேட்டையாடப்படுகின்றது. இரண்டிற்கும் உயிர் ஒரு தன்மையதே. வேறுபாடு மக்கள் நோக்கில் உள்ளது. ஒன்றை ஒன்றாகக் கண்டவழி அன்பு தோன்றுகின்றது. பலவாகக் கண்டவழி அன்பு மறைகின்றது. பலவற்றையும் ஒவ்வொன்றாகக் காணும் கண் பெறுதலே உயிரிரக்கத்தின் தொடக்கம் ஆதலின், வயலிடத்து வாழ்வார்க்கும் நூலிடத்து வாழ்வார்க்கும் முதற்கண் பயிலற்பாலது அக்காட்சியேயாம்.