பழுதும் பட்டையும்

தலத்தெருவில் சிறு சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் யோசனைகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிக்கிற நண்பர் ஒருவர், அதில் தத்துவத்துக்கு என்ன இடம் என்று கேட்டார். அறவியல் என்றதும் நம்மில் பலருக்குப் போரும் தூக்குத் தண்டனையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. தினசரி புழக்கத்தில் இருக்கிற விஷயங்கள் மேல் பார்வை விழுவதில்லை. ஒருவன் இன்னொருவனிடம் 'இப்படிச் செய்து பார்' என்று கூலி வாங்காமல் சொல்வது மிகச் சாதாரணமான காரியம். ஆனால் சொன்னவன் சொன்னதற்கு எவ்வளவு தூரம் பொறுப்பு என்ற கேள்விக்குச் சுலபமான பதில் எனக்குக் கிடைத்தபாடில்லை.

தலத்தெரு காரைக்கால் பட்டணத்தை ஒட்டியது. காரைக்கால் பிராந்தியமே கிழக்கில் கடலும் மற்றத் திசைகளில் தமிழ்நாடுமாக இருக்கிற ஒரு துண்டு நிலம். வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர். எந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போனாலும் சற்று நேரத்தில் எல்லை வந்துவிடும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு. பி.ஒய். 02 என்று நம்பர் போட்ட வண்டி வைத்திருப்பவனுக்கு இந்த விலக்கின் அருமை தெரியும். 2005-இல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., முக்கால் டன் சுமை. தமிழ்நாட்டில் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த். கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு மஹிந்திரா பொலேரோ பிக்கப். கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் பட்டினச்சேரியிலிருந்தும் மீன், அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும், மற்ற நாட்களில் செங்கல், பந்தல் சாமான், வீடு மாறுகிறவர்களின் பீரோ. பெரும்பாலும் சொந்தக்காரரே ஓட்டுநர். மாதா மாதம் டியூ கட்ட வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் அந்த நாள் போயிற்று. நூறு வண்டி வைத்திருக்கிற முதலாளிக்குச் சொந்தப் பட்டறை உண்டு. ஒரு வண்டிக்காரனுக்கு இன்னொரு வண்டிக்காரன்தான் உண்டு.

ஒரு ராத்திரி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, மீன் லோடு அடிக்கிற பெரியவர் ஒருவருக்குப் போன் வந்தது. சீர்காழிக்கு முன்னால் எங்கேயோ இளைஞன் ஒருவனின் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது.

"ஸ்டார்ட் ஆவுது, ஆனா உடனே நின்னுடுதுண்ணே."

"கடைசியா வண்டியில என்னா கை வச்ச?"

"காலையிலதான் டீசல் ஃபில்டர் மாத்துனேன்."

"அப்ப ஏர் இழுத்திருக்கும். ஃபில்டர் தலையில இருக்கிற போல்ட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணு. கைப்பம்பை அமுக்கிக்கிட்டே இரு. முதல்ல நுரை நுரையா வரும். நுரை நின்னு டீசல் மட்டும் வர்றப்ப டைட் பண்ணிடு."

கால் மணி நேரம் கழித்து மறுபடி போன். வண்டி கிளம்பிவிட்டது. பெரியவர் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

'பழுது பார்த்தல்' என்கிறோம். 'பழுது நீக்கல்' அலுவலகத் தமிழ். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், பழுதும் பார்க்கிறோம். பெரியவர் அன்று வண்டியைக் கண்ணால் பார்க்கவில்லை. 'கடைசியாக என்ன கை வைத்தாய்' என்ற கேள்விதான் அவருடைய பார்வை. பழுது எங்கிருந்தோ வந்து இறங்குவதில்லை, பெரும்பாலும் நாம் கடைசியாகத் தொட்ட இடத்திலேயே இருக்கிறது என்பது அவருக்கு அனுபவத்தில் கிடைத்தது. இது அனுமானம். இளைஞனுக்கோ அது சப்தம், அதாவது நம்பத்தகுந்தவன் சொன்ன வார்த்தை.

நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர், யாருடைய வார்த்தை பிரமாணமாகும் என்பதற்கு ஒரு லட்சணம் சொல்கிறார். விஷயத்தை நேரடியாக அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விருப்பம் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவன் ஆப்தன். ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இந்த லட்சணம் பொது என்றும் அவரே சேர்த்துவிடுகிறார். பிற்காலத்தில் பிரமாண விசாரம் வேதத்தின் அதிகாரம் பற்றிய சர்ச்சையில் மூழ்கிப்போனதில் இந்த வாசகத்தின் ஜனநாயகம் நமக்கு மறந்துவிட்டது. கைப்பம்பை அமுக்கச் சொன்ன பெரியவர் நூற்றுக்கு நூறு ஆப்தன்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. பெரியவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்திருக்கும். வண்டி கிளம்பியிருக்காது. இயந்திரம் தாட்சண்யம் பார்ப்பதில்லை. யோசனை சொன்னவரின் வயசு, சாதி, டீக்கடையில் அவருக்கு உள்ள செல்வாக்கு எதுவும் அதற்குப் பொருட்டில்லை. (நம் வட்டத்தில் ஒருவர் கதையை இன்னொருவர் திருத்தச் சொல்லும்போது இந்த வசதி கிடையாது. மூன்றாம் பத்தியை எடுத்துவிடு என்கிறோம். எடுத்தபின் கதை கிளம்பிற்றா இல்லையா என்று சாவியைத் திருகிப் பார்க்க முடியாது. அதனால்தான் நமக்குள் இத்தனை ஆப்தர்கள்.)

இதுவரைக்கும் பிரச்னை இல்லை. பிரச்னை ஆரம்பிப்பது ஸ்பிரிங் பட்டையில்.

பின் அச்சின் மேல் அடுக்காக இருக்கிற எஃகுப் பட்டைகள்தான் சுமையைத் தாங்குகின்றன. முக்கால் டன்னுக்கென்று செய்த வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் பின்பக்கம் படுத்துவிடும். கூடுதலாக ஒரு பட்டையோ இரண்டு பட்டையோ சேர்த்தால் படுக்காது. புது வண்டி வாங்கியவனுக்குக் கிடைக்கிற முதல் யோசனைகளில் இது ஒன்று. எந்தப் பட்டறை, எந்தக் கனத்தில் பட்டை, அடுக்கில் எத்தனையாவது இடத்தில் என்று எல்லாம் விவரமாகச் சொல்வார்கள். ஏர் எடுக்கக் கற்றுக்கொடுத்த அதே பரிவுடன்தான் இதையும் சொல்கிறார்கள். சொல்கிறவரின் மனசில் வித்தியாசம் ஏதுமில்லை. இரண்டும் உபகாரம்.

ஆனால் இரண்டும் ஒரே ஜாதி இல்லை என்பது என் அபிப்பிராயம். பழுது பார்க்கிற யோசனை வண்டியை அது இருந்த நிலைக்குத் திருப்புகிறது. பட்டை சேர்க்கிற யோசனை வண்டியை அது இல்லாத ஒன்றாக ஆக்குகிறது, அதுவும் பாதியளவில். பட்டை கூடுகிறது, பிரேக் ட்ரம் அதேதான், லைனிங் அதேதான், டயர் அதேதான். சில பிக்கப் வண்டிகளில் பின் பிரேக்குக்குப் போகிற அழுத்தத்தை ஒரு வால்வு தீர்மானிக்கிறது. சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கம்பி. லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகர்ந்து அழுத்தத்தைக் கூட்டும். பட்டை சேர்த்த வண்டி தாழ்வதில்லை. முதுகில் ஒன்றரை டன் இருக்க, வண்டி காலி என்றே அந்த வால்வு எண்ணிக்கொள்கிறது. வண்டியின் ஒரு உறுப்பை இன்னொரு உறுப்பிடம் பொய் சொல்ல வைத்தாகிவிட்டது.

இந்த யோசனைக்கு இயந்திரத்தின் பரீட்சையும் இல்லை. பட்டை போட்ட அன்றே வண்டி நிமிர்ந்து நிற்கிறது. அடுத்த நாளும் நிற்கிறது. யோசனை பலித்தது என்று ஊர் முழுக்கச் சொல்லலாம். அதன் பரீட்சை எப்போதாவது கோட்டுச்சேரி ரோட்டில் சைக்கிளில் குறுக்கே வருகிற ஒருவன் முன்னால்தான் நடக்கும். அவன் டீக்கடைப் பேச்சில் கலந்துகொண்டவன் இல்லை.

இன்னொரு வித்தியாசம் எனக்கு வெகு நாட்களுக்குப் பிறகுதான் புலப்பட்டது. ஏர் எடுக்கிற வித்தையைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் பத்துப் பேருக்கும் நன்மை. சொன்னவருக்கு ஒன்றும் குறைவதில்லை. பட்டை அப்படி இல்லை. பத்து வண்டியில் ஒரு வண்டி மட்டும் பட்டை சேர்த்துக்கொண்டால் அவனுக்கு நடைக்கு நடை லாபம். அவன் நல்ல மனுஷனாக இருந்து மற்ற ஒன்பது பேருக்கும் சொல்லிவிட்டால், வியாபாரி அதைத் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றரை டன் ஒரு நடை என்பது வழக்கமாகிவிடும். வாடகை பழைய வாடகைதான். பத்துப் பேருக்கும் லாபம் கரைந்துபோய், தேய்ந்த டயரும் சூடான ட்ரம்மும் மட்டும் மிஞ்சும். அப்புறம் பட்டை சேர்க்காதவனுக்கு லோடே இல்லை. யோசனையாக ஆரம்பித்தது நிபந்தனையாகிவிடுகிறது. சொன்னவரின் தாராளம்தான் இதைச் செய்தது. கஞ்சனாக இருந்து ரகசியமாக வைத்துக்கொண்டிருந்தால் ரோட்டில் ஒரு ஆபத்தான வண்டிதான் இருந்திருக்கும்.

பகிர்தல் என்ற சொல்லுக்கு நாம் கொடுத்துவைத்திருக்கிற புனிதம் இந்த இடத்தில் உதைக்கிறது. எதைப் பகிர்கிறோம் என்று கேட்காமல் பகிர்தலை மட்டும் தனியே மெச்ச எனக்கு முடியவில்லை.

பெரியவரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். அவர் வண்டியில் இரண்டு பட்டை அதிகம். "நான் சொல்லலன்னா நாகூர்ல சொல்லுவான் தம்பி" என்றார். வாஸ்தவம். ஆனால் நாகூரில் சொல்லப்போகிறவனும் தலத்தெருவைக் கைகாட்டலாம். இப்படி ஒவ்வொருவரும் அடுத்த ஊரைக் காட்டிக்கொண்டே போனால், சொன்னவன் யாருமில்லாமல் சொல்லப்பட்ட ஒன்று மட்டும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

சட்டம் இவரைக் கண்டுகொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியைத் தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பிடிபடுகிறவன் ஓட்டுகிறவனும் உடமைக்காரனும். பழைய வாடகையில் ஒன்றரை டன் கேட்கிற வியாபாரி நடைமுறையில் தப்பித்துவிடுகிறான். டியூவின் கணக்கு தெரியாமல் வண்டிக்காரனின் பேராசை பற்றிப் பேசுகிற கனவான்களிடம் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் யோசனை சொன்னவர் அந்த மூலையில்கூட நிற்பதில்லை. காசு வாங்காததால் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர் இது. 1804-ஆம் வருஷத்து பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 1382-ஆம் ஷரத்து ஒன்று உண்டு. 2016-இல் அதற்கு 1240 என்று நம்பர் மாற்றினார்கள். தன் தப்பால் பிறருக்குச் சேதம் விளைவித்தவன் அதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவன் என்பது அதன் சாரம். 'சரிசெய்ய' என்ற இடத்தில் அவர்கள் போட்டிருக்கிற வினை 'ரெபாரே'. நம் பட்டறைகளில் புழங்குகிற ரிப்பேரின் சகோதரச் சொல். சேதத்தை ரிப்பேர் செய் என்கிறது சட்டம். உடைந்த காலை எப்படி ரிப்பேர் செய்வது என்பதற்கு நஷ்டஈடு என்று ஒரு தொகையைச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. நம் மொழியில் பழுதைப் பார்க்க வேண்டும். வண்டிக்காரன் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடுகிறவர்களில் பட்டை சேர்க்கச் சொன்னவரும் இருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சைக்கிள்காரன் அடிபட்டால்? தன் வார்த்தைக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதே அவருக்குத் தெரிய வழியில்லை. போய்ப் பார்க்க அவருக்கு விலாசம் கிடையாது. வார்த்தை அவரைவிட்டு வெகு தூரம் போய்விட்டது.

இதற்கிடையில் வேறொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதைக் கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றம். வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போயிற்று. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமே திறந்தது. ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் சென்சார்களும் கம்ப்யூட்டரும் நிறைந்துவிட்டன. புகை குறைந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. டேஷ்போர்டில் செக் லைட் எரிந்தால், 'கம்பெனிக்கு எடுத்துட்டுப் போ' என்பதற்கு மேல் டீக்கடையில் சொல்ல அதிகம் இல்லை. கடைசியாக என்ன கை வைத்தாய் என்று கேட்டால் கையே வைக்கவில்லை என்கிறான். பட்டை சேர்க்க மட்டும் ஸ்கேனர் வேண்டாம். ஜாக்கியும் ஸ்பானரும் போதும்.

இதையும் பெரியவரிடம் சொன்னேன். "அப்ப எங்களுக்குச் சொல்லிக்கிறதுக்கு மிச்சம் அது ஒண்ணுதானா தம்பி?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, மீன் தண்ணீர் சொட்டி சேஸிஸ் துருப்பிடிப்பதைப் பற்றி ஆரம்பித்தார். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும், பிரேக் பைப்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், வேஸ்ட் ஆயில் பூசினால் லைனிங்கில் படாமல் பூச வேண்டும். அதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டாமே என்றார்.