சோதிக்கப்படாத நம்பிக்கை

சென்ற ஆண்டு மூவொரு கடவுள் பெருவிழா மறையுரையில் நான் ஒரு வாதத்தை எடுத்துவைத்தேன். இயற்பியலார் பலர் நாற்பது ஆண்டுகளாகப் போற்றிவரும் இழைக்கோட்பாட்டை இதுவரை எந்தச் சோதனையும் மெய்ப்பிக்கவில்லை. அறிவியலாரே காணாமல் நம்பும்போது நம் விசுவாசத்தை மட்டும் குறைகூறுவது ஏன் என்று கேட்டேன். பூசை முடிந்ததும், ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையொன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் சக்ரீஸ்துக்கு வந்தார்.

"சாமி, எங்க கம்பெனியில இன்னும் செக் பண்ணாத பீஸும் செக்கே வேண்டாத பீஸும் ஒண்ணு இல்லீங்க. செக் பண்ணாததுல 'ஹோல்டு'ன்னு சீட்டு ஒட்டித் தனியா வெச்சிருவோம்" என்றார். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

பொருளின் அடிப்படைத் துகள்கள் புள்ளிகளல்ல, அதிரும் மிக நுண்ணிய இழைகள் என்பது அக்கோட்பாடு. ஈர்ப்பையும் ஏனைய விசைகளையும் ஒரே கணக்கில் அடக்கும் என்ற நம்பிக்கை 1984-க்குப் பின் வலுத்தது. நம் நாட்டு அசோக் சென் இத்துறையில் உலகறிந்தவர். ஆனால் இழைகளை நேரே ஆராய, ஜெனீவாவின் துகள்மோதி தரும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ 1-க்குப் பின் 15 சுழியங்கள் இட்ட மடங்கு ஆற்றல் தேவை. மறைமுகத் தடயமாகப் பலர் எதிர்பார்த்த மிகைச்சமச்சீர்த் துகள்களும் அங்கே தென்படவில்லை. இன்னும் கனமானவையாக இருக்கலாம் என்பர் ஆதரவாளர். எந்த முடிவு வந்தாலும் தப்பித்துக்கொள்ளும் கூற்று அறிவியலாகுமா? 2014-இல் ஜார்ஜ் எல்லிஸ், ஜோ சில்க் என்ற இரு அறிஞர் 'நேச்சர்' இதழில் இதைக் கடுமையாகவே கேட்டனர்.

தமிழர் பல தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலை இங்கே நினைத்துக்கொள்கிறேன். விசைகளை ஒன்றிணைக்க 1974-இல் எழுந்த வேறொரு கோட்பாடு, புரோட்டானும் ஒருநாள் சிதையும் என்றது. அதன் ஆயுளையும் கணக்கிட்டுச் சொன்னது. 1980 முதல் அச்சுரங்கத்தில், 2,300 மீட்டர் ஆழத்தில், 140 டன் கருவியுடன் இந்திய, ஜப்பானிய அறிஞர்கள் காத்திருந்தனர். சில தடயங்கள் கிடைத்ததாகவும் அறிவித்தனர். பிற நாட்டுப் பெரிய கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை; கோட்பாட்டின் எளிய வடிவம் கைவிடப்பட்டது. தோற்ற அக்கோட்பாட்டின்மேல் எனக்கு மதிப்பு மிகுகிறது. தோற்கக்கூடிய இடத்தில் அது துணிந்து நின்றது.

இழைக்கோட்பாடு இன்னும் அவ்விடத்துக்கு வரவில்லை. அதன் குறையை நான் விசுவாசத்துக்குக் கேடயமாக்கியது முறையல்ல. பெரும்வெடிப்புக் கருத்தின் முன்னோடியான பெல்ஜியக் குரு ஜார்ஜ் லெமேத்தர் என்னைவிடக் கவனமாயிருந்தார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அக்கருத்தைப் படைப்புக்குச் சான்றுபோல் பேசியபோது அவர் மகிழவில்லை. தம் கோட்பாடு சோதனையில் நிற்கலாம், வீழலாம். விசுவாசத்தை அதனோடு பிணைக்கலாகாது என்பது அவர் நிலை. அதற்கு வலுவான சான்றாகிய விண்வெளி நுண்ணலை 1965-இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் இறந்தார்.

அப்படியானால் விசுவாசம் 'ஹோல்டு' சீட்டு ஒட்டிய பொருளா? கருவிக்குக் காத்திருக்கும் கணக்கல்ல அது. ஆயினும், எதற்கும் அசையாத கூற்று என்று சொல்லி நான் நழுவிவிட முடியாது. உயிர்ப்பு நிகழாதிருந்தால் தம் போதனையே வீண் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு ஒளிவின்றி எழுதினார். பிறர் குறையைக் காட்டித் தம்மைக் காத்துக்கொள்ள அவர் முயலவில்லை.

இவ்வாண்டுப் பெருவிழாவில் அவ்வாதத்தை விட்டுவிட்டேன். அந்த இளைஞருக்கு அன்று காலை ஷிப்டு, கோவிலுக்கு வரவில்லை.